பெயர் மறைந்த கைகள்: அறிவியல் புனைகதைச் சித்திரக்கதைகளில் ஓவியரை இனங்காணல்

1. முன்னுரை

1962-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழ் தொடங்கப்பெற்றது. அவ்விதழில் வெளிவந்த 'தி ஸ்டீல் கிளா' என்னும் அறிவியல் புனைகதைச் சித்திரக்கதை பெரும் வரவேற்பைப் பெற்றது. வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பெற்ற லூயிஸ் கிராண்டெல் என்னும் ஆய்வுக்கூட உதவியாளன், மின்னதிர்ச்சிக்கு உட்படும்போது அந்த எஃகுக் கை தவிர உடல் முழுவதும் புலப்படாது போகிறான் என்பது அக்கதையின் கரு. 1972-இல் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸ் இக்கதையை 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் தமிழாக்கி வெளியிட்டது. மாயாவியை அறிந்த தமிழ் வாசகர் பலர். அவனை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ (1919-1995) என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. மூல இதழிலேயே அவர் பெயர் அச்சிடப்படவில்லை என்பது இதற்கு முதற்காரணம்.

இவ்வாறு பெயர் குறிக்கப்படாத ஓவியர்களை இனங்காண ஆய்வாளர் கையாண்ட முறைகளையும், அவற்றுக்கும் மொழியியலின் ஆசிரியத்துவ ஆய்வுக்கும் உள்ள ஒப்புமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெயர் மறைக்கப்பட்ட சூழல்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியச் சிறுவர் வார இதழ்களில் எழுத்தாளர், ஓவியர் பெயர்களை வெளியிடும் வழக்கம் அரிதாகவே இருந்தது. ஓவியர் தாமே கையொப்பமிட்டாலும் அதனை வெள்ளை வண்ணம் பூசி அழித்துவிடுதல் உண்டு. படைப்பின் உரிமை முழுவதும் பதிப்பகத்தையே சார்ந்திருந்தது. ஓர் ஓவியர் விலகினால் மற்றொருவர் அதே கதையைத் தொடரவேண்டியிருந்தது. 1950-இல் தொடங்கிய 'ஈகிள்' இதழின் 'டேன் டேர்' ஃபிராங்க் ஹாம்ப்சன் பெயரைத் தாங்கி வந்தமை ஒரு விதிவிலக்காகும். அங்கும், அவருடைய ஓவியக்கூடத்தில் உடன் உழைத்த பலரின் பங்கைப் பின்னரே பிரித்தறிய வேண்டியிருந்தது. 1977-இல் தோன்றிய '2000 ஏடி' இதழ் எழுத்தாளர், ஓவியர் பெயர்களை ஒழுங்காக அச்சிடத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது.

3. சான்றுகளின் வகை

இனங்காணலுக்கு உதவும் சான்றுகளைப் புறச்சான்று, அகச்சான்று என இருவகைப்படுத்தலாம். பணம் வழங்கிய கணக்கேடுகள், பதிப்பாசிரியரின் குறிப்புகள், மூல ஓவியத்தாளின் விளிம்பிலும் பின்புறத்திலும் காணப்படும் எழுத்துகள், ஓவியரின் நினைவுரைகள் ஆகியன புறச்சான்றுகள். 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்' போன்ற அமெரிக்க இதழ்களின் பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் வைத்திருந்த பதிவுகள், கையொப்பமற்ற பல கதைகளை உரியவர்க்கு உரித்தாக்க உதவியுள்ளன.

புறச்சான்று கிட்டாதவிடத்து அகச்சான்றே துணை. முதலில், ஐயத்துக்கு இடமின்றி ஓவியருடையவை என உறுதிப்பட்ட படைப்புகளை அடிப்படைத் தொகுதியாகக் கொள்ளவேண்டும். பிளாஸ்கோவைப் பொறுத்தவரை, 1935 முதல் அவர் ஸ்பெயினில் வரைந்த 'கூட்டோ' என்னும் சிறுவன் கதைகள் அத்தகைய தொகுதியாகின்றன.

அடுத்து, எந்தக் கூறுகளை ஒப்பிடுவது என்னும் வினா எழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜியோவன்னி மொரெல்லி, ஓவியங்களின் காதுமடலையும் விரல்நகத்தையும் கூர்ந்து நோக்கவேண்டும் என்றார். முகபாவம், உடல்நிலை முதலிய கண்ணைக் கவரும் கூறுகளைப் பிறர் எளிதிற் பின்பற்றுவர். கருத்தூன்றாது வரையப்படும் சிறுகூறுகளிலோ ஓவியனின் கைப்பழக்கம் வெளிப்படும். மொழியியலார்க்கு இக்கருத்து புதிதன்று. 1964-இல் மொஸ்டெல்லரும் வாலஸும் 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளின் ஆசிரியரைத் தெளிய, பொருட்சொற்களை விடுத்து இடைச்சொற்களை ஒத்த செயற்சொற்களின் வருகையையே எண்ணினர். சொற்கள் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதிற் செல்ல, இலக்கண உருபுகள் எளிதிற் செல்லாமையும் இத்தகையதே.

அறிவியல் புனைகதைச் சித்திரக்கதைகளில் இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது. 1934-இல் அலெக்ஸ் ரேமண்ட் தொடங்கிய 'ஃபிளாஷ் கார்டன்' தொடரின் உடல்நிலைகளையும் விண்கலங்களையும் பலர் படியெடுத்தனர். ஆதலின் ஒரு விண்கலத்தின் வடிவம் ஓவியரைக் காட்டாது. அவர் எதைப் பார்த்து வரைந்தார் என்பதையே காட்டும். ஆடை மடிப்பு, விரல்மூட்டு, நிழலுக்கு இடும் கோடுகளின் சாய்வு ஆகியவையே நம்பத்தக்கவை.

4. ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்க முறையில் ஒருவர் பென்சிலால் வரைவார். மற்றொருவர் அதன்மேல் மை தீட்டுவார். ஒரே கோட்டில் இருவர் கைகள் கலத்தலின் ஆய்வு மேலும் சிக்கலாகிறது. 1961 நவம்பர் எனத் தேதியிடப்பெற்ற 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழின் ஓவியர் ஜாக் கிர்பி என்பதில் ஐயமில்லை. மை தீட்டியவர் யார் என்பது குறிக்கப்படவில்லை. கிறிஸ்டஃபர் ரூல் உள்ளிட்ட சிலர் பெயர்கள் முன்மொழியப்பட்டன. பின்னர், சூப்பர்மேன் கதைகளில் கர்ட் ஸ்வானின் ஓவியங்களுக்கு மை தீட்டிய ஜார்ஜ் கிளைன் என்பவரின் கோடுகளோடு ஒப்பிட்டு, அவரே இதற்கும் மை தீட்டியிருத்தல் கூடும் என்னும் முடிவு பெரிதும் ஏற்கப்பட்டது. கிளைன் 1969-இல் மறைந்தார். எனவே இம்முடிவு பெரிதும் கோடுகளின் சான்றையே சார்ந்து நிற்கிறது.

5. முறையின் வரம்புகள்

முதலாவது, கூட்டுழைப்பு. பிளாஸ்கோ தம் உடன்பிறந்தாரின் துணையோடு பணியாற்றியவர். 'பிளாஸ்கோ' என்னும் பெயர் ஒரு கையையா, ஒரு குடும்பப் பட்டறையையா சுட்டுகிறது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் எழத்தக்க வினாவாகும். இரண்டாவது, மறுபதிப்பின் சிதைவு. அளவு சுருக்கி அச்சிடும்போது மெல்லிய கோடுகள் ஒன்றாகிவிடுகின்றன. மொழிபெயர்ப்பில் மூலத்தின் எழுத்துவரைவு நீக்கப்படுதலின், காலத்தையும் பதிப்பகத்தையும் உணர்த்தும் ஒரு சான்று அழிகிறது. மூன்றாவது, வட்டச்சான்று. தவறான ஓர் இனங்காணல் அடிப்படைத் தொகுதிக்குள் புகுந்துவிடின், அதனைக்கொண்டு செய்யப்படும் அடுத்த முடிவுகள் அனைத்தும் பிழைபடும்.

இதனாலேயே 1994-இல் தொடங்கப்பெற்ற 'கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்' என்னும் தரவுத்தளம், உறுதிப்படாத பெயர்களுக்குப் பின் வினாக்குறி இடும் வழக்கத்தைக் கொண்டுள்ளது. அவ்வினாக்குறியை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் எடுத்தாள்வது, சாசனத்தில் சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பியவர் பகர அடைப்பை விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

6. பெயரின் பயன்

இனங்காணல் வெறும் தொகுப்பாளர் ஆர்வம் அன்று என்பதற்கு டான் லாரன்ஸின் வரலாறு சான்று. 1965-இல் தொடங்கிய 'தி டிரைகன் எம்பயர்' என்னும் அறிவியல் புனைகதைத் தொடரை அவர் பல்லாண்டுகள் வரைந்தார். தம் ஓவியங்கள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் மொழிபெயர்க்கப்பட்டு மறுபதிப்புப் பெறுவதை 1976-இல்தான் அவர் அறிந்தார். அவற்றால் அவர்க்கு வருவாய் ஏதும் இல்லை. பதிப்பகம் அவர் கோரிக்கையை ஏற்காமையின் அவர் தொடரை விட்டு விலகி, நெதர்லாந்துப் பதிப்பகம் ஒன்றிற்காக 'ஸ்டார்ம்' என்னும் தொடரை வரைந்தார். பெயர் இல்லாதவிடத்து உரிமை கோருவதும் அரிதாகிறது.

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்தபோது, அவர்தம் பாடலில் பயின்ற தொடரே செம்புலப்பெயனீரார் என்றாற்போலப் பெயராயிற்று. தொகுத்தோர் அப்புலவரைப் பெயரின்றி விட்டிலர். காமிக்ஸ் வாசகரும் அவ்வாறே செய்துள்ளனர். டிஸ்னி கதைகளைப் பெயரின்றி வரைந்த கார்ல் பார்க்ஸை, அவர் பெயர் வெளிப்படும்வரை, 'நல்ல ஓவியர்' என்றே அவர்கள் அழைத்துவந்தனர்.

7. முடிவுரை

புறச்சான்றும் அகச்சான்றும் ஒன்றையொன்று தாங்கும்போதே இனங்காணல் வலுப்பெறும். அகச்சான்று மட்டும் உள்ளவிடத்து முடிவை ஐயக்குறியுடன் பதிவு செய்தலே முறை. இத்தகைய கதைகளை இனி மொழிபெயர்ப்போரும் மறுபதிப்பிப்போரும் எழுத்தாளர், ஓவியர் பெயர்களோடு, அவை எச்சான்றால் அறியப்பட்டன என்பதையும், மொழிபெயர்ப்பாளர் பெயரையும் முகப்புப் பக்கத்திலேயே தருதல் வேண்டும். ஓவியரின் பெயரை மறைத்த அதே வழக்கம் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் பலகால் மறைத்துள்ளது. இன்று ஒரு வரியில் குறிக்கத்தக்கதை விட்டுவிடின், அதனை மீட்க நாளை ஓர் ஆய்வே தேவைப்படும்.