பெப்டைடு ஆய்வு

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்து அமைந்த சங்கிலி. ஓர் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதி அடுத்ததன் அமினோ தொகுதியோடு இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறிப் பெப்டைடு பிணைப்பு உண்டாகிறது. ஏறத்தாழ ஐம்பது அமிலங்களைத் தாண்டிய சங்கிலியைப் புரதம் என்பது வழக்கம்; ஆனால் அந்த எல்லையில் நூலோர் ஒத்துப்போவதில்லை. 51 அமிலங்கள் கொண்ட இன்சுலின் இரு பெயராலும் குறிக்கப்படுகிறது.

வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1901இல் கிளைசில்கிளைசின் என்னும் பெப்டைடை உருவாக்கினார். வேதியியலாளர் டு விக்னோ 1953இல் ஆக்சிடோசின் என்னும் பெப்டைடு ஹார்மோனைத் தொகுத்தார்.

தமிழ்நாட்டில் இத்துறை 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரனோடு வேர்விட்டது. அவ்வாண்டு சென்னை வந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சுட்டிக்காட்டினார். ஈரோட்டுத் தோல் தொழிலாளர் கையில் அன்றாடம் புழங்கும் பொருள்தான் இது: மயிரும் கொழுப்பும் போனபின் தோலில் எஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜனே. ராமச்சந்திரனுக்கோ மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன் இழைகள் ஒழுங்காக அடுக்கியிருந்ததால் எக்ஸ்-கதிர்ப் படம் துலக்கமாக விழுந்தது. 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். மறு ஆண்டு அச்சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிச் செல்வதாகத் திருத்தினார். பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றும் நிலவிலிருந்து இந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. இந்த அமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் கூறி, ஆய்வாளர்கள் ரிச், கிரிக் இருவரும் மறுத்தனர். சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றா இரண்டா என்ற வாதம் நெடுநாள் நீடித்தது. கண்டுபிடிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

அணுக்களின் நெருக்கம் பற்றிய அந்த மறுப்பே அடுத்த பணிக்கு வித்து. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று, வெளியான படிக அமைப்புகளைக் கொண்டு வரையறுத்த ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் சங்கிலியின் இரு திருப்புக் கோணங்களை ஒரே படத்தில் வரைந்தனர். 1963இல் வெளியான அப்படம் 'ராமச்சந்திரன் வரைபடம்' ஆயிற்று. பக்கத்தொடர் இல்லாத கிளைசினுக்கு அதில் இடம் தாராளம். புதிய புரத அமைப்புகள் இன்றும் அதைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றன.

அதே 1963இல் வேதியியலாளர் மெரிஃபீல்ட் திண்மத் தாங்கியில் பெப்டைடு சங்கிலியைப் படிப்படியாக வளர்க்கும் முறையை வெளியிட்டார்.

கொலாஜனைப் போல அன்றாடம் புழங்கும் இன்னொரு நீண்ட சங்கிலி பட்டில் உள்ளது. உடுமலை வட்டாரப் பட்டுக்கூட்டு இழையின் ஃபைப்ராயின் கிளைசினும் அலனினும் மிகுந்த புரதம்.

ஆய்வகத்தில் பெப்டைடு பெரும்பாலும் உறையவைத்து உலர்த்திய தூளாக வரும். அடைத்த குப்பியில் -20 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் தூளில் படியும்; ஆகவே அறை வெப்பநிலைக்கு வந்தபின்பே திறக்க வேண்டும். கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்தால், உருக்கி மீண்டும் உறையவைக்கும் சேதம் குறையும். சிஸ்டீன், மெத்தியோனின் உள்ளவை எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆய்வுக்கு மட்டும் என விற்கப்படும் பெப்டைடை உடலில் செலுத்தக் கூடாது.