பிள்ளைக்காம்பராவும் ஒரு குட்டிக் குளவியும்



போன கிழமை முதலாம் தர வகுப்பில், ஜன்னல் கண்ணாடியில் ஒரு பொறிவண்டு வந்து உட்கார்ந்தது. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளிகள். "எத்தனை புள்ளி, எண்ணுங்க பார்ப்போம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன் செருப்பைக் கழற்றி அடித்துவிட்டான். ஏனப்பா என்று கேட்டால், "கொட்டிரும் சேர்" என்கிறான்.

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. போன வருஷம் கொழுந்து மலையில் குளவி கொட்டி அவனுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தவர். நம் பக்கத்துப் பிள்ளைக்குப் பூச்சி என்றாலே பயம்தான். ஆனால் இந்த மலைக்கும் பூச்சிக்கும் உள்ள கதை அந்தப் பயத்தைவிடப் பெரியது. அதைத்தான் இன்று எழுத நினைத்தேன்.

இங்கே தேயிலைக்கு முன்னால் கோப்பி இருந்தது நமக்குத் தெரியும். அதை 1869 முதல் அழித்தது இலைத்துரு என்ற பூஞ்சண நோய். அதற்கும் முன்பே கோப்பித் துரைமாரைத் தூங்கவிடாமல் செய்தவை செதிற் பூச்சிகள். நீட்னர் என்ற தோட்டக்காரர் 1861-லேயே கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிறகு தேயிலை வந்தது. நமக்குப் பக்கத்துப் பூண்டுலோயாவில் தோட்டம் பார்த்த ஏர்னஸ்ட் கிரீன், 1890-இல் தேயிலையைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி நூல் வெளியிட்டார். பின்னாளில் அவரே இலங்கை அரசின் பூச்சியியலாளரானார். பூச்சியை உட்கார்ந்து, பொறுமையாகப் பார்த்து, வரைந்து, பெயர் வைத்த வேலை நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது.

தேயிலைக்கு வந்த பெரிய தொல்லைகளில் ஒன்று இலைச் சுருட்டுப் புழு. கொழுந்து இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி, உள்ளே இருந்துகொண்டே தின்னும். அதன் அந்துப்பூச்சி இலைமேல் தட்டையாக, கொத்தாக முட்டையிடும். அந்த முட்டை இலைகளைக் கையால் தேடிப் பொறுக்குவதுதான் அன்றைய முக்கிய வைத்தியம். அது சின்னப் பிள்ளைகளும் 'அரைப்பேர்' போட்டு மலையேறிய காலம். 1927-இல் வந்த சம்பளச் சட்டம்தான் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கக்கூடாது என்றது. அதாவது பத்து வயதானால் எடுக்கலாம்! பூச்சியைத் தேடும் கண்ணும் விரலும் நம் முன்னோருக்கு இருந்தன. அதைப் படிப்பாக்கிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அந்தப் புழுவை அடக்கியது யார் தெரியுமா? ஒரு குளவி. 1925-இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து மலைகளில் விட்டது. இது ஆளைத் துரத்திக் கொட்டும் சாதி அல்ல. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் அந்தப் புழுவைத் தின்றே வளரும். சில வருஷங்களில் சுருட்டுப் புழு அடங்கிப்போனது. உலகத்துப் பூச்சியியல் நூல்கள் இன்றும் இதை உதாரணமாகச் சொல்கின்றன.

கதை அங்கேயும் முடியவில்லை. 1950களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அந்த மருந்து இந்தக் குட்டிக் குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு மறுபடி கிளம்பியது. எது நண்பன், எது எதிரி என்று பார்க்காமல் அடித்ததன் விலை அது. எங்கள் வகுப்புப் பையன் செருப்பால் செய்ததும் அதேதான். பொறிவண்டும் செடியைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்கிற நண்பன்.

இனிப் பிள்ளைக்காம்பராவுக்கு வருவோம். அம்மா மலைக்குப் போக வேண்டும், பிள்ளையை யாராவது பார்க்க வேண்டும். பிள்ளைக்காம்பரா அதற்குத்தான் வந்தது. தொட்டில், பால், ஓர் ஆயா. படிப்பு அதன் நோக்கத்தில் இருக்கவில்லை. 1992-இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன காலத்தில் உருவான நிதியம்தான் இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். பிள்ளைக்காம்பராக்கள் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர் மாறின. பல இடங்களில் சுவரில் படங்கள் வந்தன, பயிற்சி பெற்றவர்கள் வந்தார்கள். சில இடங்களில் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் 'மொன்டிசோரி' என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அதுவும் இப்படித்தான் தொடங்கியது. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்காமல் இருக்க ஓர் அறை ஒதுக்கினார்கள். அதைப் பொறுப்பெடுத்த டொக்டர் மரியா மொன்டிசோரி, காவல் அறையைப் பள்ளிக்கூடமாக்கினார். வித்தியாசம் கட்டடத்தில் இல்லை, பிள்ளையைப் பார்த்த பார்வையில் இருந்தது.

அந்த அம்மா நம் பக்கத்துக்கும் வந்தவர். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலக யுத்தத்தால் திரும்ப முடியாமல் போக, 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையில் தங்கினார். அங்கே செடி, பூச்சி, பிராணி எல்லாம் பாடமாயின. அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் இலங்கைப் பெண், லேனா விக்ரமரத்ன. 1944-இல் மொன்டிசோரி இலங்கையிலும் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். நம்முடையதைப் போலவே குளிரும் மூடுபனியும் உள்ள ஒரு மலையில் விளைந்த பாடம் நமக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

அதனால் முன்பள்ளி டீச்சர்மாருக்கும் பிள்ளைக்காம்பரா ஆயாமாருக்கும் சில யோசனைகள். காசு செலவில்லை.

எண்ணிக்கை: பூச்சிக்கு ஆறு கால். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. சிலந்திக்கு எட்டு. அட்டைக்குக் காலே இல்லை. "அப்போ அட்டை பூச்சியா?" என்று கேளுங்கள். பிள்ளைகளே தரம் பிரித்துவிடுவார்கள்.

வரிசை: முட்டை, புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி. நான்கு படத்தைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். கதையை முன்பின் மாறாமல் சொல்லும் பழக்கம் இதில் வரும்.

விரல்: களிமண்ணைச் சின்ன உருண்டைகளாக உருட்டி ஒட்டினால் புழு. பழைய தாளைப் புழு தின்ற இலை மாதிரி ஓரம் ஓரமாகக் கிழிக்கட்டும். பென்சில் பிடிப்பதற்குப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இப்படித்தான் பழகும். அம்மா கொழுந்து எடுப்பதும் அதே இரண்டு விரலால்தான். பிள்ளையிடம் அதையும் சொல்லுங்கள்.

கோடு: புழு ஊர்ந்த பாதை என்று வளைகோடு போடட்டும். 'அ' எழுத வேண்டிய கைக்கு அதுதான் முதல் பாடம்.

கடைசியாக, மிக முக்கியமானது. குளவிக்கூடு, தேன்கூட்டின் படத்தைக் காட்டிப் பழக்குங்கள். கண்டால் கல்லெறியக்கூடாது, கத்தக்கூடாது, மெதுவாகத் திரும்பி வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். எல்லாப் பூச்சிக்கும் பயப்படுகிற பிள்ளைக்கு எது உண்மையான ஆபத்து என்று தெரியாது. பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தெரியும். குளவி கொட்டி உயிர் போகிற ஊரில் இது விளையாட்டுப் பாடமல்ல.

தேனீயின் பெயரிலும் எறும்பின் பெயரிலும் குர்ஆனில் அத்தியாயங்கள் இருக்கின்றன. சின்ன உயிர்தானே என்று யாரும் ஒதுக்கவில்லை.

அந்தப் பையனை மறுநாள் வெளியே கூட்டிப்போனேன். வேலியோரச் செடியில் இன்னொரு பொறிவண்டு இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து எண்ணினான். "ஏழு சேர்" என்றான். நானும் எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.

நீங்கள் வளர்ந்த பிள்ளைக்காம்பராவின் நினைவுகளை எழுதுங்கள். நம் ஊர்ச் சரித்திரம் அதிலும் இருக்கிறது.