ஒரு கோடிக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம்

2012-ல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? அதற்கு முன்பே 2000-ல் அமிதாப் பச்சன் ஹிந்தியில் நடத்தினார். 2019-ல் கலர்ஸ் தமிழில் ராதிகா வந்தார். எல்லாம் ஒரே நிகழ்ச்சிதான் என்று நமக்குத் தெரியும். ஆனால் அது முதலில் யாருடைய சொத்தாக இருந்தது?

இதன் பிறந்த ஊர் பிரிட்டன். 1998 செப்டம்பரில் ஐடிவி சேனலில் தொடங்கியது. ஆனால் அப்போது சொத்து ஐடிவியுடையதாக இல்லை, தயாரித்துக் கொடுத்த செலடார் என்ற கம்பெனியுடையதாக இருந்தது. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் காலத்து பிரிட்டனில் இது பெரிய விஷயம். கொஞ்சம் பின்னால் போவோம்.

1982-ல் சேனல் 4 தொடங்கியபோது, நிகழ்ச்சிகளைத் தானே தயாரிக்காமல் வெளியாரிடமிருந்து வாங்குவது என்று வைத்தார்கள். சின்னச் சின்னத் தயாரிப்பு கம்பெனிகள் நிறைய முளைத்தன. 1990-ம் வருட ஒளிபரப்புச் சட்டம், பிபிசியும் ஐடிவியும் 25 சதவீத நிகழ்ச்சிகளை வெளித் தயாரிப்பாளர்களிடம் வாங்க வேண்டும் என்றது. வேலை கிடைத்தது. சந்தோஷம்தான்!

ஆனால் எந்த நிபந்தனையில்? பெரும்பாலும் 'காஸ்ட் பிளஸ்'. தயாரிப்புச் செலவு முழுவதையும் சேனல் கொடுத்துவிடும், மேலே ஒரு சிறு கட்டணமும் தரும். பதிலுக்கு உரிமைகள் எல்லாம் சேனலுக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல பேரம். நஷ்டமே வராது. ஆனால் மேஸ்திரி கதைதான். வீடு கட்டிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டால், அப்புறம் வருகிற வாடகை அவருக்கு இல்லை. நிகழ்ச்சி வெளிநாட்டில் விலை போனாலும் லாபம் சேனலுக்குத்தான். கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் சொத்து என்று காட்ட ஒன்றுமே இருக்காது. அடுத்த ஆர்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

2003-ல் வந்த தகவல் தொடர்புச் சட்டம் இதை மாற்றியது. தயாரிப்பாளர்களோடு எந்த முறையில் ஒப்பந்தம் போடுவோம் என்று பொதுச்சேவை சேனல்கள் விதிமுறை எழுதி, ஆஃப்காம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் வாங்க வேண்டும். 2004-லிருந்து சேனல் வாங்குவது ஒளிபரப்பும் உரிமத்தை மட்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு. மற்ற உரிமைகள் தயாரிப்பாளரிடமே தங்கின. சட்டம் விலையை நிர்ணயிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். யாருக்கு எது சொந்தம் என்பதை மட்டுமே மாற்றியது.

செலடார் இந்தச் சட்டம் வருமுன்பே பேரம் பேசி உரிமையைத் தக்கவைத்த கம்பெனி. அதனால்தான் உலகம் முழுக்க விற்க முடிந்தது. சரி, உரிமை கையில் இருந்தால் போதுமா? அங்கேதான் கதையில் திருப்பம்.

1999-ல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் நிகழ்ச்சி தொடங்கி சக்கைப்போடு போட்டது. ஏபிசி டிஸ்னியின் கம்பெனி. ஒப்பந்தப்படி லாபத்தில் பாதி செலடாருக்கு. ஆனால் கணக்கில் லாபமே வரவில்லை! டிஸ்னியின் ஒரு கம்பெனி தயாரிப்பைக் கவனிக்க, இன்னொரு கம்பெனியான ஏபிசி, தயாரிப்புச் செலவை ஒட்டிய தொகையையே கட்டணமாகக் கொடுத்தது. விளம்பர வருமானம் ஏபிசியிலேயே தங்கிவிட்டது. நாம் வகுப்பில் படிக்கும் 'டிரான்ஸ்ஃபர் பிரைசிங்' பாடம்தான் இது.

2004-ல் செலடார் வழக்குப் போட்டது. 2010-ல் கலிபோர்னியா ஜூரி சுமார் 26.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. வட்டியோடு சுமார் 31.9 கோடி. 2012-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு நின்றது. எல்லாத் தயாரிப்பாளராலும் எட்டு வருடம் வழக்கு நடத்த முடியுமா? பெரும்பாலானவர்கள் அடுத்த வாய்ப்பு போய்விடுமே என்று வாய் திறக்க மாட்டார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். தயாரிப்பாளர் பார்க்க வேண்டியது எபிசோடுக்கு எவ்வளவு என்பதை மட்டும் அல்ல. உரிமை யாருக்கு, 'லாபம்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்ற இரண்டு வரிகளையும் பார்க்க வேண்டும். அடுத்த முறை ஏதாவது நிகழ்ச்சி முடியும்போது கடைசியில் ஓடும் காப்புரிமை வரியைக் கவனியுங்கள். அங்கே இருப்பது தயாரித்தவர் பெயரா, சேனல் பெயரா?