கையொப்பமிட்ட ஊரார்
(ராபர்ட் பர்ன்ஸின் முதல் நூல் வெளிவந்த வரலாறு)

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களை எண்ணிப் பார்க்குங்கால் என் நினைவில் முதலில் எழுவது கவியரங்க மேடையன்று. கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும் வேளையில், துணிப்பையிலிருந்து தம் முதல் தொகுதியின் படிகளை எடுத்துச் சற்றே கூச்சத்துடன் நீட்டும் அன்பர்களின் கைகளே எழுகின்றன. அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லி அப்படிகளை வாங்கிச் சென்றவர்களுள் யானும் ஒருவன். அவற்றுள் இரண்டுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்பதை இம்மலர் வாயிலாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதல் நூலை ஊராரே தாங்குவது நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிக் காலத்தில் அது அரங்கேற்றமாக நிகழ்ந்தது. கேட்டவர் தலையசைத்தார், புலவர் சாற்றுகவி தந்தார், செல்வர் பொன்னாடை போர்த்தினார். அச்சுக்கூடம் வந்த பின்னர் கையொப்ப முறை வந்தது. நூல் வெளிவருமுன்னரே இன்னார் இத்தனை படி வாங்கிக்கொள்வதாக ஒப்பமிடுவர்; அந்த ஒப்பத்தை நம்பி ஆசிரியர் அச்சகத்தாரிடம் செல்வார். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையரும் அவ்வாறு கையொப்பம் திரட்டியவரே. ஐரோப்பாவில் இம்முறை அதற்கும் நெடுங்காலம் முன்பே வேரூன்றியிருந்தது. அங்கே கையொப்பத்தால் வெளிவந்த நூல்கள் பல்லாயிரம். அவற்றுள் ஒன்றன் வரலாற்றை மட்டும் ஈண்டுச் சற்று விரித்துரைக்க விழைகின்றேன். அது பெருநகரத்தில் வெளிவந்த நூலன்று. உழவர் ஒருவர் தம் அண்டையயலாரை நம்பி வெளியிட்டது.

ஸ்காத்லாந்தின் தென்மேற்கில் ஏர்ஷயர் என்பது ஒரு மாவட்டம். அங்கே ஆலோவே என்னும் சிற்றூரில் 1759 ஜனவரி 25 அன்று பிறந்தவர் ராபர்ட் பர்ன்ஸ். குத்தகை நிலத்தில் உழைத்து உழைத்தே தேய்ந்த தந்தை 1784-இல் மறைந்தார். ராபர்ட்டும் தம்பி கில்பர்ட்டும் மாக்லின் என்னும் ஊரருகே மாஸ்கீல் என்ற பண்ணையை 118 ஏக்கர் அளவில் குத்தகைக்கு ஏற்றனர். ஆண்டுக் குத்தகை 90 பவுன். முதலிரண்டு ஆண்டும் விளைச்சல் பொய்த்தது. பகலில் ஏர், இரவில் பாட்டு. பாடல்கள் கையெழுத்துப் படிகளாய் ஊர்தோறும் உலவின.

இவ்விடத்தில் நம் போன்றோர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1780-இல் பர்ன்ஸும் அவர்தம் நண்பர்களும் டார்போல்ட்டன் என்னும் ஊரில் இளைஞர் மன்றம் ஒன்றை அமைத்தனர். கூடிப் பேசுவதும் ஒரு பொருள்மீது வழக்காடுவதுமே அதன் பணி. மறு ஆண்டில் அவர் அவ்வூரின் ஃப்ரீமேசன் சங்கத்திலும் சேர்ந்தார். வழக்கறிஞரும் வணிகரும் உழவரும் ஒரே பலகையில் அமரக்கூடிய இடம் அக்காலத்தில் அதுபோல் வேறு அரிது. பின்னாளில் கையொப்பத் தாள்கள் உலவிய பாதைகள் பலவும் அங்கே போடப்பட்டவை. நூல் பிறக்கும் முன்பே வட்டம் பிறந்துவிட்டது எனலாம்.

1786-ஆம் ஆண்டு பிறந்தபோது பர்ன்ஸின் நிலை மிக இரங்கத்தக்கதாயிருந்தது. மாக்லின் ஊர்க் கொத்தனாரின் மகள் ஜீன் ஆர்மர் அவரால் கருவுற்றிருந்தார். இருவரும் தம்மைக் கணவன் மனைவியென ஒப்புக்கொண்டு எழுதிவைத்த தாள் ஒன்றிருந்தது. அந்நாட்டு வழக்கில் அதற்கு மதிப்புண்டு. ஆனால் பெண்ணின் தந்தை கடனாளியான கவிஞனை மருமகனாக ஏற்க மறுத்தார். ஏர் நகரத்து வழக்கறிஞர் ராபர்ட் எய்க்கனிடம் அத்தாளைக் கொண்டுசென்று, அதிலிருந்த பெயர்களை வெட்டி எடுத்துவிடச் செய்தார். செய்தி கேட்டுத் தம் நாளங்களே அறுபட்டாற்போல் துடித்ததாகப் பர்ன்ஸ் நண்பர் ஹாமில்டனுக்கு எழுதிய கடிதம் அந்த ஏப்ரல் நடுவிலே எழுதப்பட்டது. அவரது நூலுக்கான கையொப்ப அறிவிப்பு ஏப்ரல் 14 என்னும் நாளிட்டிருக்கிறது. ஒரே வாரத்தில் ஒரு தாளிலிருந்து பெயர்கள் வெட்டப்பட்டன; மற்றொரு தாளில் பெயர்கள் எழுதப்படத் தொடங்கின.

ஊரைவிட்டே போய்விடுவது என்று அவர் துணிந்தார். ஜமெய்க்காத் தீவின் தோட்டமொன்றில் கணக்கர் வேலை பேசியிருந்தது. அத்தோட்டங்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் நடந்தவை. அங்கே கணக்கர் என்றால் அவ்வடிமைகளை மேற்பார்க்கும் கங்காணிகளுள் ஒருவர் என்றே பொருள். மனித சமத்துவத்தைப் பாடப்போகும் ஒருவர் அவ்வேலைக்கு இசைந்தார் என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. கப்பல் கட்டணம் ஒன்பது கினி. அத்தொகைக்கும் வழியில்லை. போகுமுன் பாடல்களை அச்சிட்டு விட்டுச்செல்வோம், அது கட்டணத்திற்கும் ஆகும் என்ற எண்ணமும் இம்முயற்சிக்குப் பின்னே நின்றது.

அறிவிப்பு எளிமையானது. நூல் எட்டுமடி அளவில் ஒரே தொகுதியாக அழகுற அச்சிடப்படும். விலை மூன்று ஷில்லிங். ஆசிரியர் பொருளீட்டும் நோக்கமுடையவர் அல்லர். செலவுக்குக் காணும் அளவு கையொப்பம் சேர்ந்தவுடன் அச்சுக்குப் போகும். பொருள் நோக்கம் இல்லை என்ற வாசகத்தைப் படிக்கும்போது புன்னகை வராமலிராது. ஒன்பது கினிக்கு அலைந்துகொண்டிருந்தவர் எழுதியதல்லவா! எனினும் கையொப்பம் கேட்போர் எல்லாக் காலத்திலும் இவ்வாறே எழுதியிருக்கின்றனர்.

தாள்களைச் சுமந்து சென்றவர்கள் யாவர்? இங்கேதான் வரலாறு சுவை பெறுகிறது. அச்சகத்தாரின் கணக்கிலிருந்து யார்யாருக்கு எத்தனை படிகள் சென்றன என்பது தெரியவருகிறது. கில்மார்னக் நகரத்து மது வணிகர் ராபர்ட் மியூர் 72 படி. தம்பி கில்பர்ட் 70. மாக்லினில் துணிக்கடை நடத்திய ஜேம்ஸ் ஸ்மித் 41. பண்ணையைக் குத்தகைக்கு விட்டவரும் வழக்கறிஞருமான கேவின் ஹாமில்டன் 40. எல்லாரினும் மிகுதியாக, 145 படிகளை ஏற்றவர் ஒருவர். அவர் பெயர் ராபர்ட் எய்க்கன். ஆம், திருமணத் தாளில் பெயர்களை வெட்டிய அதே எய்க்கன்!

இம்மனிதரை எளிதில் எடைபோட இயலவில்லை. அவர் நல்ல குரல்வளம் உடையவர். கவிதையை உரக்கப் படிப்பதில் வல்லவர். போகுமிடமெல்லாம் பர்ன்ஸின் பாடல்களைப் படித்துக் காட்டினார். தம்மைப் படித்தே புகழில் ஏற்றியவர் அவர் என்று கவிஞர் பின்னர்ச் சொன்னதாக வழங்குகிறது. அரங்கேற்றம் என்ற சொல் அந்நாட்டில் இல்லாதிருக்கலாம், செயல் அதுவே. வழக்கறிஞர் என்ற முறையில் கட்சிக்காரருக்காக ஒரு கை வெட்டியது; அன்பர் என்ற முறையில் மறு கை கையொப்பம் திரட்டியது. கவிஞரோ மனம் ஆறித் தம் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்றை, உழவன் வீட்டுச் சனிக்கிழமை இரவைப் பற்றியதை, எய்க்கனுக்கே உரிமையாக்கினார். சிற்றூரில் பகையை நெடுநாள் வைத்துக்கொள்ள இயலாது. நாளைக்கும் அதே தெருவில் எதிர்ப்படவேண்டும்.

கில்மார்னக்கில் அச்சகம் வைத்திருந்தவர் ஜான் வில்சன். ஜூன் நடுவில் வேலை தொடங்கிற்று. அச்சுக்கோப்பு நடந்த அதே வாரங்களில், ஜீனுடன் கூடிய குற்றத்திற்காக மாக்லின் தேவாலயத்தில் சபையோர் முன்னே நின்று பர்ன்ஸ் கண்டனம் கேட்டார். ஜூலை 22 அன்று பண்ணையில் தம் பங்கையும் நூலால் வரும் ஊதியத்தையும் தம்பிக்கே எழுதிவைத்தார். வேறொரு பெண்ணிடம் பிறந்த தம் சிறுமகளைத் தம்பி வளர்க்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பின்னர் ஜீனின் தந்தை பிணைத்தொகை கேட்டு ஆணை பெற்றிருப்பதறிந்து, உறவினர் வீடுகளில் மறைந்து திரிந்தார். அச்சுப்படி திருத்துவது எவ்வளவு அமைதி வேண்டும் பணி என்பது நம் கவிஞர்களுக்குத் தெரியும். இவர் அதனை இத்தனைக்கும் நடுவே செய்தார்.

1786 ஜூலை 31 அன்று நூல் வெளிவந்தது. 'பெரும்பாலும் ஸ்காத்லாந்து வழக்குமொழியில் அமைந்த கவிதைகள்' என்பது தலைப்பின் பொருள். 240 பக்கம், 612 படி. முன்னதாகச் சேர்ந்த கையொப்பம் ஏறத்தாழ 350. ஆகஸ்டு முடிவதற்குள் எஞ்சியவை 13 படிகளே. மாதம் ஒன்றுகூட ஆகவில்லை!

நூலின் உள்ளடக்கத்தில் இருப்பவை போலவே இல்லாதவையும் எண்ணத்தக்கவை. மாக்லின் சபை மூப்பர் ஒருவரின் போலிப் பக்தியை உரித்துக் காட்டும் அங்கதப் பாடல், 'ஹோலி வில்லியின் வேண்டுதல்', அவரது மிகச் சிறந்த ஆக்கங்களுள் ஒன்று. அது அன்று கையெழுத்தில் ஊரெங்கும் சிரிப்பூட்டிக்கொண்டிருந்தது. நூலில் அது இல்லை. கில்மார்னக் குருமார் நியமனத்தை எள்ளிய பாடலும் அந்தக் கில்மார்னக்கிலேயே அச்சான நூலில் இடம்பெறவில்லை. நாடோடி இரவலர் கூட்டத்தைப் பாடிய பெரும்பாடலும் விடப்பட்டது. கையொப்பமிட்ட கைகளே கத்தரிக்கோலையும் பிடித்திருந்தன போலும். இதனைக் கோழைமை என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தலைமறைவாய்த் திரிபவன் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பகைக்க முடியும்? ஆயினும் இழப்பு இழப்புதான். அந்த இரவலர் பாட்டைக் கவிஞர் தம் வாழ்நாளில் அச்சில் காணவேயில்லை.

இன்னொன்றும் உண்டு. நூலின் இறுதியில் சில பக்கங்களில் ஓர் அருஞ்சொற்பொருள் அகராதி இருக்கிறது. மாஸ்கீல் பண்ணையிலும் மாக்லின் மதுக்கடையிலும் அன்றாடம் புழங்கும் சொற்களுக்குப் பொருள்! ஏர்ஷயரில் கையொப்பமிட்டவர்க்கு அது வேண்டுவதில்லை. ஊராரிடம் விற்ற நூல் ஊருக்கு அப்பாலும் ஒரு கண்ணை வைத்திருந்தது என்பதற்கு அப்பக்கங்களே சான்று.

வரவு செலவை ஒருமுறை பார்த்துவிடுவோம். 612 படி மூன்று ஷில்லிங் வீதம் 91 பவுன் 16 ஷில்லிங். அச்சகத்தாரின் செலவுச் சீட்டு 35 பவுன் 17 ஷில்லிங். மிச்சம் ஏறக்குறைய 56 பவுன் இருக்கவேண்டும். பர்ன்ஸோ எல்லாச் செலவும் போகத் தம் கையில் நின்றது சுமார் 20 பவுன் என்று எழுதுகிறார். இடையில் உள்ள 36 பவுன் எங்கே? அன்பளிப்புப் படிகள், சுமைகூலி, "அடுத்த மாதம் தருகிறேன்" என்று வாங்கிச் சென்றவர்கள் என்பதே என் ஊகம். முதற்பத்தியில் செய்த ஒப்புதலுக்குப் பின் இதற்குமேல் நான் பேசுவது முறையன்று.

இரண்டாம் பதிப்புக்கு ஊர் போதவில்லை. ஆயிரம் படிக்குத் தாளுக்கு மட்டும் 27 பவுன் முன்பணம் வேண்டுமென்றார் வில்சன். அது தம்மால் ஆகாதென்று பர்ன்ஸ் எய்க்கனுக்கு எழுதினார். ஏர் நகரத்துப் பாலண்டைன் என்பவர் கடன் தர முன்வந்ததோடு, எடின்பரோ நகரில் பதிப்பிப்பதே நன்று என்றும் சொன்னார். இதற்கிடையே அந்நகரின் பார்வையற்ற கவிஞர் டாக்டர் பிளாக்லாக், நூலைப் புகழ்ந்து செப்டம்பரில் ஒரு பாதிரியாருக்கு எழுதிய கடிதம் பர்ன்ஸின் கைக்கு வந்து சேர்ந்தது. கப்பல்கள் ஒவ்வொன்றாய்ப் புறப்பட்டுப் போயின, அவர் ஏறவில்லை. நவம்பர் இறுதியில் இரவல் குதிரையேறி எடின்பரோ சென்றார். 1787 ஏப்ரலில் அங்கே வெளிவந்த பதிப்பில் கையொப்பமிட்டோர் பட்டியலே 38 பக்கம் நீண்டது. பிரபுக்களும் சீமாட்டிகளும் அதில் வரிசையாய் நின்றனர். கில்மார்னக் நூலில் அத்தகைய பட்டியல் இல்லை. அந்த 350 பேருக்கும் முன்னுரையின் முடிவில் ஒரு நன்றி மட்டும் உண்டு. இது கடைக்காரன் போடும் கும்பிடன்று, நெஞ்சின் துடிப்பு என்ற கருத்தில் அமைந்த நன்றி அது.

1787 ஜூனில் அவர் மாக்லின் திரும்பினார். முன்னே ஆணை பெற்று விரட்டிய ஆர்மர் வீட்டார் இப்போது கதவைத் திறந்து வரவேற்றனர். அந்தப் பணிவு தமக்கு அருவருப்பூட்டியதாகத் துணிக்கடை ஸ்மித்துக்கு அவர் எழுதினார். எனினும் ஜீனை அவர் விட்டுவிடவில்லை. 1788 ஆகஸ்டில் மாக்லின் சபையார் இருவரையும் கணவன் மனைவியென ஏற்றுப் பதிவு செய்தனர். வெட்டப்பட்ட பெயர்கள் மீண்டும் ஒரு தாளில் அருகருகே அமர்ந்தன. முறைகேட்டுக்குத் தண்டமாக ஊர் ஏழைகளுக்கென அவர் கொடுத்தது ஒரு கினி. முதல் நூலின் விலையில் அது ஏழு படி.