வகுப்பில் நான் தவறாகச் சொன்ன ஒன்று



போன வாரம் நம் பழைய மாணவி ஒருத்தி ஊட்டிப் படங்களைப் போட்டிருந்தாள். தோடர் வீட்டின் முன் நின்ற படத்துக்குக் கீழே, "டீச்சர் சொன்ன கொச்சைத் தமிழ் பேசுறவங்க" என்று எழுதியிருந்தாள். படித்ததும் சுருக்கென்றது. சொன்னது நான்தான். ஐந்தாம் வகுப்பில் நீலகிரி பாடம் வரும்போதெல்லாம், மலைக்காடுகளில் இருந்ததால் அவர்களுடைய தமிழ் சிதைந்துவிட்டது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தேன். அது தவறு.

ஓய்வுக்குப் பிறகு நந்தனத்திலிருந்து பக்கத்திலுள்ள கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய்வருகிறேன். அங்கே படித்துத்தான் இது தெரிந்தது.

காது என்பதற்குப் பழைய சொல் 'செவி'. கன்னடத்தில் 'கிவி', துளுவில் 'கெபி', நீலகிரிக் கோத்தரிடம் 'கெவ்', தோடரிடம் ஏறக்குறைய 'கெஃபி'. மூலத்தில் இருந்த ககரம் தமிழில்தான் சகரமாக மாறியது. தோடர் பேசுவது சிதைந்த தமிழ் என்றால் சகரம் அல்லவா இருக்க வேண்டும்? நாம் மாற்றிக்கொண்ட ஒலியை அவர்கள் அப்படியே வைத்திருக்கிறார்கள். அப்படியானால் தோடர் மொழி தமிழின் மகள் இல்லை, சகோதரி. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் 'ஓள்'. நம் 'ஆள்' என்ற சொல்லுக்கு உறவு.

ர, ற சரியாகச் சொல்லவில்லை என்று உங்களில் பலரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்! தோடரிடம் நாக்கை அதிர வைத்துச் சொல்லும் ரகரம் மட்டும் மூன்று இடங்களில் பிறக்கிறது. அங்கே பிறந்திருந்தால் நானே பெஞ்சு மேல்தான் நின்றிருப்பேன்.

நம் ஜி.யு. போப் இந்த மொழிக்குச் சுருக்கமான இலக்கணம் ஒன்று எழுதினார். 1873-ல் மார்ஷல் என்பவரின் நூலில் அது வந்தது. ஆனால் ஆழமாக வேலை செய்தவர் கனடாவில் பிறந்த எமனோ. 1935-ல் இந்தியா வந்து மூன்று வருஷம் இருந்தார். எழுத்து இல்லாத மொழி என்பதால் எல்லாவற்றையும் காதால் கேட்டே எழுத வேண்டியிருந்தது. எருமை, கல்யாணம், சாவு என்று எதற்கும் தோடர்கள் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார்கள். அவர் சேகரித்த பாடல்கள் 1971-ல் தலையணை கனத்தில் புத்தகமாக வந்தன.

இந்த மொழிக்கு உரியவர்கள் சுமார் 2,000 பேர்தான். யுனெஸ்கோ இதை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள மொழிகளில் சேர்த்திருக்கிறது. 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கின் மொழிப் பட்டியல் தனியாகக் காட்டாது. அங்கே தோடர் மொழி 'மற்றவை' ஆகிவிடுகிறது. அதே நீலகிரியில் படுகர் மொழி பேசுவோர் 1 லட்சத்துக்கு மேல் இருந்தும், அதைக் கன்னடத்தின் கீழ்தான் அடக்கியிருக்கிறார்கள். இந்தியைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் எப்படிக் கொதிக்கிறோம்! பக்கத்து மலை மொழியைக் கொச்சை என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை.

படத்தின் கீழுள்ள வரியை மாற்றிவிடு கண்ணு, தப்பு டீச்சருடையது. மற்றவர்கள் யாராவது ஊட்டி போனால், பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே ஒரு தோடர் மந்து இருக்கிறது. அனுமதி கேட்டு உள்ளே போய், காதுக்கு என்ன சொல் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். நான் புத்தகத்தில் படித்ததோடு சரி, காதால் கேட்டதில்லை.