ஸ்னோமொபைல் கிளட்ச் கிட்: ‘வேகம் கூடும்’ என்றால் அப்படியே நம்பலாமா?

அமெரிக்கா, கனடாவில் பனி வண்டி ஓட்டுபவர்களுக்கு, ‘மாட்டினால் வண்டி பறக்கும்’ என்ற ரீதியில் கிளட்ச் கிட்கள் விற்கப்படுகின்றன. ஒன்றை மறக்காதீங்க: கிளட்ச் குதிரைத்திறனை உருவாக்காது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பது போல இரண்டு புல்லி, நடுவில் பெல்ட். இன்ஜின் அதிக பவர் தரும் ஆர்பிஎம்மில் அதைப் பிடித்து வைப்பதுதான் வேலை.

எனவே முதல் கேள்வி, ‘எதோடு ஒப்பிட்டீங்க?’ தேய்ந்த ஸ்பிரிங்கையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு கம்பெனி பார்ட்ஸையே புதுசாகப் போட்டாலும் வித்தியாசம் தெரியும்!

அடுத்து, எந்த உயரத்தில்? டர்போ இல்லாத இன்ஜின், 1,000 அடிக்குச் சுமார் 3% பவரை இழக்கும். மின்னசோட்டா சமவெளிக்குப் பொருந்தும் கிளட்ச் வெயிட், கொலராடோ மலையில் ஆர்பிஎம்மை ஏறவிடாது.

ஒரே நாள், ஒரே பனி, ஒரே ஓட்டுநர். பழசு, புதுசு, மறுபடி பழசு என மாற்றிப் போட்டு எடுத்த நேரக்கணக்கு இருந்தால் கேளுங்க. ஸ்பீடோமீட்டர் போட்டோ வேண்டாம். டிராக் பனியில் வழுக்கிச் சுற்றினாலும் அதில் வேகம் ஏறும்.