ஆணையால் வராத ஒற்றுமை: பழைய சேலம் மாவட்டத்தின் இரு தலைவர்களும் மொழிக் கொள்கையும்

1. இருவர்

பல மொழி பேசும் நாட்டை ஒன்றாக வைத்திருப்பது எப்படி? இக்கேள்விக்கு 1938-இல் ஒரு விடையும், இருபது ஆண்டுகளுக்குள் அதற்கு நேரெதிரான விடையும் பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த அதே இருவரிடமிருந்து வந்தன. ஒருவர், சேலத்தில் வக்கீலாக இருந்து 1917-இல் நகராட்சித் தலைவரான ராஜாஜி. மற்றவர், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன்.

2. ஆணையும் அதன் விளைவும்

1937-இல் அமைந்த சென்னை மாகாண அமைச்சரவைக்கு ராஜாஜி தலைவர். சுப்பராயன் கல்வி அமைச்சர். மறு ஆண்டு ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடமானது. தேசத்தை ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற அவர்களின் எண்ணத்தில் கள்ளமில்லை. ஆனால் வழி தவறு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். பெரியாரும் சிறைப்பட்டார். கைதிகளாயிருந்த நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர்நீத்தனர். 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மனத்தில் விழுந்த வடு ஆறவில்லை. 'தமிழ்நாடு தமிழருக்கே' என்ற முழக்கம் பிறந்தது அந்தப் போராட்டத்தில்தான். 1944 ஆகஸ்டில் பெரியார் தலைமையிலான நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் இதே சேலத்தில்தான். ஒற்றுமைக்கென்று போட்ட ஆணை பிரிவினைக் குரலுக்கு உரமிட்டது.

3. மனமாற்றம்

1955-இல் பி.ஜி. கேர் தலைமையில் அமைந்த அலுவல் மொழி ஆணையத்தில் சுப்பராயனும் உறுப்பினர். பெரும்பான்மையோர் அறிக்கையோடு அவர் உடன்படவில்லை. ஆங்கிலத்தை அவசரப்பட்டு அகற்றினால் இந்தி பேசாதவர்கள் பின்தள்ளப்படுவார்கள் என்று மறுப்புக் குறிப்பு எழுதினார். வங்க அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜியும் தனியே மறுப்பு எழுதினார். ராஜாஜியும் அந்த ஆண்டுகளில் இந்தித் திணிப்பை வெளிப்படையாக எதிர்த்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்பாருண்டு. நான் அப்படிக் கருதவில்லை. தாம் போட்ட ஆணையின் விளைவைக் கண்ணால் கண்டவர்கள் தம்மைத் திருத்திக்கொண்டார்கள்; பொதுவாழ்வில் அது அரிது.

இந்தி பேசாதவர்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு 1959-இல் வாக்குறுதி தந்தார். 1965-இல் இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடு கொந்தளித்த பிறகு, அலுவல் மொழிச் சட்டத்தின் 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாக்குறுதிக்குச் சட்ட வடிவம் தந்தது. திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்த தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையை 1963-இலேயே கைவிட்டிருந்தது. சீனப் போரும், பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்க வழிசெய்த அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தமும் அதற்குக் காரணங்கள். கைவிட்ட கோரிக்கை மறுபடி தலைதூக்காமல் போனதில் 1967-இன் திருத்தத்துக்கும் பங்குண்டு என்பது என் முடிவு.

4. தறியும் ரிக் வண்டியும்

ஆணையில்லாமலே மொழிகள் இணங்கி வாழ்வதை அந்த இருவரின் மண்ணிலேயே பார்க்கலாம். சேலத்து நெசவுத் தெருக்களில் வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் சௌராஷ்டிரமும் ஒலிக்கும். கூலிக் கணக்கு தமிழில் நடக்கும். யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிளம்புகின்றன. பள்ளியில் இந்தி படிக்காத டிரைவர், தண்ணீர் எத்தனை அடியில் வந்தது, அடிக்கு என்ன ரேட், டீசலுக்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் அங்குள்ள விவசாயியோடு இந்தியில் பேசி முடிக்கிறார். இங்கே கோழிப்பண்ணைக்கு வேலைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளி சந்தையில் தமிழில் விலை கேட்கிறார். பிழைப்பு கேட்கும்போது மொழி தானாக நாவில் ஏறுகிறது.

மத்திய அரசு அலுவலகங்களில் இந்தியின் பயன்பாட்டை வகுக்கும் 1976-இன் அலுவல் மொழி விதிகள் இந்தியா முழுமைக்கும் உரியவை, தமிழ்நாடு நீங்கலாக. அந்த விலக்கால் திருச்செங்கோட்டு வண்டி ஒன்றுகூட வடக்கே போகாமல் நின்றதில்லை.